பார்த்துக்கொள்பவருக்கு வயது வேகமாகக் கூடுகிறதா?

காவிரித்துறை (கும்பகோணம் அருகில்), அதிகாலை 2.20

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் ரேஷன் கடையில் என் விரல் ரேகை பதியவில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடது கை என்று புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தும் கருவி ஏற்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த, எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டிக்கு முதல் தடவையிலேயே பதிந்துவிட்டது. கடைக்காரர் கருவிழியைப் பதிவு செய்து அரிசியைக் கொடுத்தார். வயதானவர்களுக்கு இப்படித்தான் ரேகை தேய்ந்துபோகும் என்று ஆறுதலாகவும் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு வயது 53.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பேச்சு திரும்பவே இல்லை. ஒன்றரை ஆண்டாக மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறேன், இரவிலும் அப்படித்தான். டெட்டால், பினாயில், சலவைத்தூள் ஆகிய மூன்றிலும் என் கை நனையாத நாள் கிடையாது. மாமியார் என்னிடம் அன்பாக இருந்தவர், ஆகவே இதைக் குறையாக எழுதவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் எடுத்த புகைப்படத்தையும் இப்போதுள்ள முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதினைந்து ஆண்டுகள் கடந்துபோனது போல் இருக்கிறது. இது வெறும் களைப்புதானா, அல்லது நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் உடம்புக்கு உண்மையிலேயே வயது கூடுகிறதா? யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள்.

ஆய்வகத்தான் (கோவை), காலை 7.05

அம்மா, இதே கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த எலிசா எபல், எலிசபெத் பிளாக்பர்ன் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்டது. பிளாக்பர்னுக்குத்தான் 2009இல் கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. டெலோமியர் பற்றிய கண்டுபிடிப்புக்காக.

டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனி. சேலை முந்தானையில் நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் கட்டுகிறோம் அல்லவா, அதைப் போன்றது. உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் குறைகிறது. டெலோமரேஸ் என்ற நொதி அதை ஓரளவு நீட்டிக் கொடுக்கிறது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 58 தாய்மார்கள், மாதவிடாய் நிற்காத, 20 முதல் 50 வயது வரையிலானவர்கள். அவர்களில் 39 பேருக்கு நாள்பட்ட நோயுள்ள குழந்தை இருந்தது; மீதி 19 பேரின் குழந்தைகள் நலமாக இருந்தார்கள். மன அழுத்தத்தை மிக அதிகமாக உணர்ந்த தாய்மார்களின் டெலோமியர், மிகக் குறைவாக உணர்ந்தவர்களுடையதை விடக் குறைந்தது பத்தாண்டு கூடுதல் மூப்புக்குச் சமமான அளவு குட்டையாக இருந்தது. நொதியின் செயல்பாடும் குறைவாகவே இருந்தது.

ஒரு திருத்தத்தையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றன. நோயுள்ள குழந்தையின் தாய்மார்களை ஒரு பக்கமும் மற்றவர்களை ஒரு பக்கமும் வைத்துச் சராசரி பார்த்தபோது டெலோமியர் நீளத்தில் வேறுபாடு இல்லை. பார்த்துக்கொண்ட ஆண்டுகள் கூடக் கூடத்தான் நுனி குட்டையாக இருந்தது. அழுத்தத்தை எவ்வளவு உணர்ந்தார்கள் என்பதும் அதனுடன் சேர்ந்து சென்றது. ஆகவே பராமரிப்பு என்ற சொல்லே யாருக்கும் பத்து வயதைக் கூட்டிவிடுவதில்லை.

திருநகர்வாசி (மதுரை), காலை 9.48

எனக்கு 74 வயது. மனைவிக்கு மறதி நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நான் யாரென்று அவளுக்குச் சில நாட்களில் தெரியும், சில நாட்களில் வீட்டு வாடகை கேட்க வந்தவராக நினைத்துக்கொள்வாள்; அந்த நாட்களில் மிகவும் மரியாதையாகவே பேசுவாள்.

ஆய்வகத்தான் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். சென்ற கார்த்திகையில், அவள் இரவில் எழுந்து வாசல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டு ஓடியபோது கட்டில் விளிம்பில் முழங்காலுக்குக் கீழே இடித்துத் தோல் கிழிந்தது. சிறிய காயம்தான். தை பிறந்து, பொங்கல் முடிந்த பிறகுதான் ஆறியது. எனக்குச் சர்க்கரை இல்லை. இரண்டு முறை பரிசோதித்துப் பார்த்துவிட்டேன். வயது காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் என் வயதுக்காரரான பக்கத்து வீட்டு நண்பர் சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய காயம் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. இதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் தொடர்பு இருக்குமா?

ஆய்வகத்தான் (கோவை), காலை 11.30

ஐயா, உங்கள் ஒருவருடைய காயத்தை வைத்து நான் எதையும் சொல்லிவிட முடியாது. காலின் இரத்த ஓட்டத்தை அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வி மிகச் சரியான கேள்வி. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995இல் கிட்டத்தட்ட இதையே சோதித்துப் பார்த்தார்கள். மறதி நோயுள்ள உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்கள், அதே வயதும் வருமானமும் கொண்ட, ஆனால் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில், எல்லோருக்கும் ஒரே அளவாக, சிறு துளைக் காயம் ஒன்றை உண்டாக்கி, அது மூடுகிற வரை நாள் கணக்கு வைத்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறியது. நோயாளியைக் கவனித்தவர்களுக்கு 48 நாட்களுக்கு மேல் பிடித்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் காயம் பொய் சொல்லாது என்பதால் எனக்கு இந்த ஆய்வின் மீது தனி மதிப்பு உண்டு.

அதே குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. மறதி நோயுள்ள கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட 119 பேரையும், அப்படிப் பொறுப்பு இல்லாத 106 பேரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளை அளந்துகொண்டே வந்தார்கள். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் பொருள் அது. வயதாக ஆக எல்லோருக்கும் சிறிது சிறிதாக உயரும். இதய நோய், எலும்புத் தேய்வு, மூட்டு வாதம் போன்ற முதுமை நோய்களுடன் தொடர்புடையது. பார்த்துக்கொண்டவர்களுக்கு அது ஏறிய வேகம் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. துணை இறந்துபோய்ச் சில ஆண்டுகள் கழிந்த பிறகும் ஏறும் வேகம் குறையவில்லை. நோயாளி போன பிறகு உடம்பு தேறிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வது எல்லோருக்கும் பொருந்தவில்லை போலும்.

எதிர்க்கேள்வி (சென்னை), பிற்பகல் 3.15

எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்பதால் மறுபக்கத்தை நான் எழுதுகிறேன். யாரையும் புண்படுத்த அல்ல.

13 பேர், 58 பேர் என்ற கணக்குகளை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டுமா? 2013இல் டேவிட் ராத் தலைமையில், அமெரிக்காவின் ரிகார்ட்ஸ் என்ற பெரிய பக்கவாத ஆய்வில் சேர்ந்திருந்தவர்களிலிருந்து நாள்பட்ட நோயாளியைக் கவனித்துவந்த 3503 பேரை எடுத்தார்கள். வயது, பால், கல்வி, உடல்நிலை, பழக்கவழக்கங்கள் என்று பலவற்றிலும் ஒவ்வொருவருக்கும் இணையான, கவனிக்கும் பொறுப்பில்லாத ஒருவரைத் தேடி அருகில் நிறுத்தினார்கள். ஆறு ஆண்டுகளில் யார் அதிகமாக இறந்தார்கள் என்று பார்த்தபோது, கவனித்தவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாக இருந்தது. குறைவு என்பதைக் கவனியுங்கள்! கணவன் மனைவி, பிள்ளைகள், அழுத்தம் மிகுந்தவர்கள் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தும், எந்தப் பிரிவிலும் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒருவருக்குத் தேவைப்படுகிறோம் என்ற உணர்வும், நாள் முழுதும் எழுந்து நடமாடும் வேலையும் மனிதனை நிமிர்த்தி வைக்கின்றன. என் பாட்டி தாத்தாவைப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் இருந்தார். பார்த்துக்கொள்வதால் ஆயுள் குறைகிறது என்ற பேச்சு பரவினால், பெற்றோரைக் கைவிடுகிறவர்களுக்கு அது ஒரு சாக்காகிவிடும் என்பதும் என் கவலை.

ஆய்வகத்தான் (கோவை), மாலை 6.40

எதிர்க்கேள்வி சொல்லும் ஆய்வு உண்மையானது, முறையாகச் செய்யப்பட்டது, என் பக்கத்து வாதத்தை அது பலவீனப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நேர்மாறான பெரிய ஆய்வும் உண்டு. ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 1999இல் வெளியிட்டதில், 66 வயதுக்கு மேற்பட்ட, துணையோடு வாழ்ந்துவந்தவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். துணையைக் கவனித்து, அதைப் பாரமாகவும் உணர்ந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. கவனித்தாலும் பாரமாக உணராதவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

இரண்டும் எப்படி ஒரே உலகத்தில் உண்மையாக இருக்க முடியும்? ரிகார்ட்ஸ் ஆய்வில், நாள்பட்ட நோயோ உடற்குறையோ உள்ள குடும்பத்தவரைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன் என்று தாமே சொன்ன எல்லோரும் பராமரிப்பாளர்தான். வாரத்தில் சில மணி நேரம் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போகிறவரும் அதில் இருப்பார், இரவில் மூன்று முறை எழுந்து புரட்டுகிறவரும் இருப்பார். இந்த இழையைத் தொடங்கிய அம்மா அதிகாலை 2.20க்கு எழுதியிருக்கிறார் என்பதைப் பாருங்கள். அவர் அந்தக் கூட்டத்தின் சராசரி அல்ல.

இன்னொன்றும் உண்டு. உடம்பில் வலு உள்ளவர்கள்தான் இந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள், ஏற்றாலும் நீடிக்கிறார்கள். அதனால் கணக்கில் அவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிகிறார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். ரிகார்ட்ஸ் குழுவினர் இணை சேர்த்ததே அதைச் சரிக்கட்டத்தான், ஆனால் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட முடியாது.

திருநகர்வாசி (மதுரை), மாலை 7.22

வலு உள்ளவர்களே பொறுப்பை ஏற்கிறார்கள் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். என் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் இருக்கின்றன. என்னை யாரும் உடல்தகுதி பார்த்துத் தேர்வு செய்யவில்லை. மகன் வெளிநாட்டில் இருக்கிறான், மகள் புகுந்த வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். நம் ஊரில் மருமகள், திருமணமாகாத மகள், வேலையிலிருந்து முதலில் ஓய்வு பெற்ற மகன் என்ற வரிசையில் பொறுப்பு வந்து விழுகிறது. உடம்பைப் பார்த்து விழுவதில்லை.

வார்டு அக்கா (திருநெல்வேலி), இரவு 9.10

அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டெலோமியர் பற்றி எனக்குத் தெரியாது. நோயாளியோடு வந்தவரின் உடம்பு எங்கே எங்கே தேய்கிறது என்பதை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை எழுதுகிறேன்.

காவிரித்துறை, முதலில் உங்கள் விரலைப் பற்றி. அது வயது இல்லை, தேய்மானம். கொத்தனார்களுக்கும் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் இதே போல் ரேகை மங்கும். ஈரவேலைக்குக் கையுறை போட்டு, கை கழுவிய ஒவ்வொரு முறையும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவந்தால் தோல் புதிதாக வளரும்போது ரேகையும் திரும்பும். பினாயிலையும் சோப்புத் தண்ணீரையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

இரண்டாவது இடுப்பு. தனியாளாகப் புரட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனாலும் தனியாளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவருடைய செயலிழந்த தோள் கழன்றுவிடும், உங்கள் முதுகும் போய்விடும். மடித்த போர்வை ஒன்றைத் தோளிலிருந்து தொடை வரை குறுக்காக விரித்து வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு ஒட்டி நின்று, முழங்காலை மடக்கி, போர்வையைச் சுருட்டிப் பிடித்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். கட்டிலின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கட்டிலை உயர்த்துங்கள். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது, ஆனால் இரவில் இடைவெளியை எவ்வளவு கூட்டலாம் என்று தோலைப் பார்த்து மருத்துவர் சொல்வார். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைக்கும் தூக்கம் தூக்கமே அல்ல.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். நோயாளியின் மாத்திரை ஒரு வேளை தவறாது. கூட வந்தவரின் மாத்திரை ஒரு வாரமாகத் தீர்ந்துபோயிருக்கும். மகளோ மருமகளோ ஐம்பதை ஒட்டிய வயதில் இருப்பாள், மாதவிடாய் தாறுமாறாக வந்து இரத்தசோகையில் முகம் வெளுத்திருக்கும், மாமனாரின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தசமத்தோடு சொல்லுவாள், தன்னுடையது தெரியாது. ஒரு முறை ஒரு மகன் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துவந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மயங்கி விழுந்தார். வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர். விழுந்த அன்றுதான் அவருக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அது அன்று வந்த சர்க்கரையா? மருத்துவமனைக்கு உள்ளேயே இரண்டு ஆண்டுகள் இருந்தும் அவர் நோயாளி வரிசையில் ஒரு தடவை கூட நிற்கவில்லை.

என்னைக் கேட்டால், மூப்பில் பாதி இப்படித்தான் வருகிறது. அழுத்தம் உயிரணுவுக்குள் போய் என்ன செய்கிறதோ தெரியாது. பார்க்காமல் விட்ட இரத்த அழுத்தம் என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தேம்ஸ்கரை (லண்டன்), இரவு 10.55

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா எழுதியதற்கு ஒரு சிறு சேர்க்கை. பிரிட்டனில் வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் நோயாளியைக் கவனிப்பவருக்கு அரசு ஒரு படி கொடுக்கிறது, தொகை சிறியதுதான். 1976இல் அது தொடங்கியபோது திருமணமான பெண்களுக்குக் கிடையாது, ஏனென்றால் அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் எண்ணம். தாயைக் கவனித்துவந்த ஜாக்குலின் டிரேக் என்பவர் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகு, 1986இல்தான் அது மாறியது. இங்கே என் பெயர் கவனிப்பவர் என்று குடும்ப மருத்துவரின் பதிவேட்டில் இருப்பதால், குளிர்காலம் தொடங்குமுன் அம்மாவுக்கு இன்ஃப்ளுயென்சா தடுப்பூசி போட அழைக்கும்போது என்னையும் அழைக்கிறார்கள். காசை விட அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆய்வகத்தான் (கோவை), இரவு 11.20

தடுப்பூசி என்றதும் நினைவுக்கு வந்தது. கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1996இல், மறதி நோயுள்ள துணையைக் கவனித்த 32 பேருக்கும் மற்ற 32 பேருக்கும் இன்ஃப்ளுயென்சா ஊசி போட்டுப் பார்த்தார்கள். கவனித்தவர்களின் உடம்பு எதிர்ப்பொருளைக் குறைவாகவே உண்டாக்கியது. அதற்காக ஊசி வேண்டாம் என்று பொருள் அல்ல. வார்டு அக்கா சொல்வதையும் முழுதாக ஏற்கிறேன், ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: 1995ஆம் ஆண்டின் அந்தத் துளைக் காயம், யாரும் மாத்திரையை மறந்ததால் மட்டும் தாமதமாக ஆறவில்லை.

எதிர்க்கேள்வி (சென்னை), மறுநாள் காலை 8.30

என் பாட்டியைப் பற்றி எழுதினேன். நேற்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். தாத்தா படுத்திருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வீட்டில் இரண்டு அத்தைகளும் ஒரு சித்தியும் இருந்தார்களாம். பாட்டி இரவில் எழுந்ததே இல்லையாம், பகலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததோடு சரி. இரவுகளில் எழுந்த சித்தி ஐம்பத்தெட்டாவது வயதில் இறந்துபோனார். அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒருவரை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் பாட்டியை எடுத்துக்காட்டாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ரிகார்ட்ஸ் ஆய்வைத் திரும்பப் பெறவில்லை.

காவிரித்துறை (கும்பகோணம் அருகில்), ஒன்பது நாட்கள் கழித்து, பிற்பகல் 1.05

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கட்டிலைத் தச்சரிடம் சொல்லி உயர்த்தியாகிவிட்டது. கையுறை போட்டால் கை வேர்க்கிறது, இருந்தாலும் போடுகிறேன். இரவு இரண்டு மணிப் புரட்டலைக் கணவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். முதல் நாள் அலாரம் அடித்தும் அவர் எழவில்லை, நான்தான் எழுந்தேன். மூன்றாம் நாளிலிருந்து எழுகிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்று ஆண்டுகளாக வருகிறார். அவர் இரத்த அழுத்தம் பார்க்கும்போது மாமியாரின் கையை நேராகப் பிடித்துக்கொள்வது என் வேலை. நேற்று வந்திருந்தார். பட்டையை அவிழ்த்துப் பையில் வைக்கப் போனவரிடம், எனக்கும் ஒரு முறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். கையை நீட்டிய பிறகு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் மாமியாரின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். 168க்கு 104. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார், பெரிதாக மாறவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

என் பெயரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று கைப்பேசியை எடுத்து வயதைக் கேட்டார். ஐம்பத்து மூன்று என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பதிந்துகொண்டார்.